சாவி உரசின சத்தமும் டேப் வெட்டின ட்யூனும்

வாசகர் கடிதம்:

வணக்கம் அண்ணா,

போன வாரம் பிபிசியோட டாக்டர் ஹூங்கற டிவி சீரியல் பத்தி எழுதினப்போ, அதுல டாக்டர் காலப்பயணம் போற எந்திரம் டார்டிஸ் கெளம்புற சத்தம் ஒரு வீட்டுச் சாவியால வந்ததுன்னு ஒரே வரில சொல்லிட்டு அடுத்ததுக்குப் போயிட்டீங்க. நான் ஷார்ட் ஃபிலிமுக்கு சவுண்ட் எடிட் பண்றவன், அந்த வரியை விட்டு என்னால நகரவே முடியல. நிஜமாவே சாவிதானா? அப்புறம், அதோட தீம் மியூசிக் சிந்தசைசர்ல பண்ணதுன்னு என் ரூம்மேட் அடிச்சு சொல்றான், அது சரியா? அவனே இன்னொண்ணும் கேட்டான், கதை நல்லா இருந்தா பாக்கப்போறோம், யாரு எதை வச்சு உரசினா நமக்கென்னன்னு. எனக்கு பதில் சொல்லத் தெரியல. நீங்க சொல்லுங்க.

பதில்:

அன்புள்ள தம்பி,

சாவி நிஜம்தான். பிரையன் ஹாட்ஜ்சன்னு ஒருத்தர், பிபிசில ரேடியோஃபோனிக் வொர்க்‌ஷாப்னு ஒரு சின்ன டிபார்ட்மென்ட் இருந்துச்சு, நாடகங்களுக்கு விசித்திரமான சத்தம் பண்ணிக் குடுக்கறதுதான் அவங்க வேலை, அங்க இருந்தவர். தன்னோட அம்மா வீட்டு வாசக்கதவு சாவியை எடுத்து, பழைய பியானோ ஒண்ணோட உள்கம்பி மேல நீளவாக்குல தேய்ச்சார். பியானோவோட அடி ஸ்தாயிக் கம்பியை பக்கத்துல போய் பாத்திருக்கீங்களா, அது வெறும் கம்பி இல்ல, மேல செம்புக் கம்பியை நெருக்கமா சுத்தியிருப்பாங்க, அது மேல சாவி நகரும்போது ஒவ்வொரு சுத்துலயும் தட்டித் தட்டிப் போகும். அந்த கரகரப்பைத்தான் டேப்ல பதிஞ்சு, வேகத்தை மாத்தி, எதிரொலி சேத்து, நீல போலீஸ் ஃபோன் பெட்டி மாதிரி இருக்கற அந்த டார்டிஸ் காலத்தைக் கிழிச்சுட்டுப் போற சத்தமா ஆக்கினார். அறுபது வருஷம் தாண்டியும் அதே சத்தம்தான் அடிப்படை.

ஆனா சிந்தசைசர் விஷயத்துல உங்க ரூம்மேட் தப்பு. சீரியல் முதல்ல வந்தது 1963 நவம்பர் 23. சிந்தசைசர்னா முதல்ல ஞாபகம் வர்ற ராபர்ட் மூக் தன்னோட கருவியை வெளில காட்டினதே 1964லதான். வொர்க்‌ஷாப்ல அப்ப இருந்தது ஆஸிலேட்டரு (மின்சாரத்துல ஸ்வரம் உண்டாக்குற கருவி), டேப் மெஷினு, பிளேடு, ஒட்டுற டேப்பு, அவ்வளவுதான்.

ட்யூன் எழுதினவர் ரான் க்ரெய்னர், ஆஸ்திரேலியாக்காரர். ஒரு தாள்ல மெட்டை எழுதி, சில எடத்துல ஸ்வரத்துக்கு பதிலா காத்து, மேகம்னு வார்த்தையா குறிச்சுக் குடுத்துட்டுப் போயிட்டார். அது கைக்கு வந்தது டீலியா டெர்பிஷயருக்கு. காவன்ட்ரில பொறந்த பொண்ணு, கேம்பிரிட்ஜ்ல கணக்கும் இசையும் படிச்சவங்க, படிச்சு முடிச்சு டெக்கா ரெக்கார்டிங் கம்பெனில வேலை கேட்டப்போ எங்க ஸ்டூடியோல பொம்பளைங்களை சேக்கறதில்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க, அப்புறம்தான் பிபிசிக்கு வந்தாங்க. இதை நெனைக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வரும்.

அவங்க பண்ணதை நீங்க ஒரு எடிட்டரா யோசிச்சுப் பாருங்க. அடில ஓடுற பேஸ், அது ஒரே ஒரு கம்பியை விரலால சுண்டி எடுத்த சத்தம். அந்த ஒரு சுண்டலை டேப் வேகத்தை கூட்டிக் குறைச்சு தேவையான ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் கொண்டுவந்து, ஒவ்வொண்ணையும் தனித்தனியா காப்பி எடுத்து, அளந்து பிளேடால வெட்டி, ஒண்ணு பின்னாடி ஒண்ணா ஒட்டினாங்க. அந்தக் காலத்து ஸ்டூடியோ டேப் பொதுவா செகண்டுக்கு 15 இஞ்ச் ஓடும், அரை செகண்ட் ஸ்வரம்னா ஏழரை இஞ்ச் டேப்பு, கால் செகண்ட்னா நாலு இஞ்ச் கூட வராது. நம்ம இன்னிக்கு மவுஸால இழுக்கற தாளக்கணக்கை அவங்க ஸ்கேல் வச்சு அளந்திருக்காங்க. மேல வர்ற அந்த ஊளையிடுற மெட்டு ஆஸிலேட்டரோட குமிழை கையால திருகித் திருகி எடுத்தது. உஸ்ஸுன்னு வர்ற மேகம் வெறும் இரைச்சலை ஃபில்டர் பண்ணது.

எல்லாம் முடிஞ்சு மூணு டேப்பு. மல்டி ட்ராக் மெஷின் கெடையாது, அதனால மூணு மெஷின்ல மூணையும் மாட்டி ஒரே நேரத்துல ஸ்டார்ட் பண்ணி கலக்கணும். அப்படிக் கலக்கும்போது எங்கயோ ஒரு ஸ்வரம் ஒதைக்குது, எதுன்னு புடிபடல. கூட வேலை பாத்த டிக் மில்ஸ் பின்னாடி இதைச் சொல்லியிருக்கார், லண்டன்ல வொர்க்‌ஷாப் இருந்த மெய்டா வேல் கட்டடத்துல இருந்த நீளமான வராண்டாக்கு மூணு டேப்பையும் கொண்டுபோய் தரையில பக்கத்துல பக்கத்துல பிரிச்சுப் போட்டு, ஒட்டுன எடத்தையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டுப் பாத்துக்கிட்டே நடந்தாங்களாம், ஒரே ஒரு ஒட்டு மட்டும் மத்ததோட ஒத்துப்போகாம விலகி நின்னுச்சு, அதுதான் தப்பு. காதுல சிக்காத தப்பை கண்ணால புடிச்சிருக்காங்க. இப்ப நம்ம ஸ்க்ரீன்ல வேவ்ஃபார்ம், அதாவது சத்தத்தோட அலை வடிவத்தைப் பாத்து பண்றோமே, அதையே.

க்ரெய்னர் வந்து கேட்டுட்டு அசந்துபோய், இதை நானா எழுதினேன்னு கேட்டாராம், பெரும்பாலும் நீங்கதான்னு டீலியா சொன்னாங்களாம். ராயல்டில பாதி அவங்களுக்குப் போகணும்னு அவர் முயற்சி பண்ணார், பிபிசி ஒத்துக்கல, வொர்க்‌ஷாப் ஆளுங்க சம்பளக்காரங்க, தனியா பேர் கெடையாது. டைட்டில்ல க்ரெய்னர் பேரும் டிபார்ட்மென்ட் பேரும் மட்டும்தான் வரும். டீலியா 2001ல இறந்துட்டாங்க. அவங்க பேரு ஸ்க்ரீன்ல வந்தது 2013ல, ஐம்பதாவது வருஷ ஸ்பெஷல் எபிசோடுலதான்.

யாரு உரசினா நமக்கென்னன்னு கேட்ட உங்க ரூம்மேட்டுக்கு என் பதில் இதுதான். நமக்குப் புடிச்ச அந்த சீரியல்ல மனசுல ஒட்டிக்கிட்டு நிக்கற பாதி விஷயம் டைட்டில்ல பேரே வராத ஆளுங்க பண்ணது, அவங்க பேரை நம்ம சொல்லலன்னா வேற யாரு சொல்லுவா?

டாக்டரோட எதிரியா வர்ற, ரோபோ மாதிரி இருக்கற டாலெக்கையே எடுத்துக்குங்க. சீரியல் பாக்காதவங்களுக்குக் கூட அந்த உருவம் தெரியும். கதை எழுதினது டெரி நேஷன், உரிமையில பங்கு அவருக்கு இருந்துச்சு, நல்லா சம்பாதிச்சார். உருவத்தை வரைஞ்சது ரேமண்ட் கசிக், பிபிசி சம்பள டிசைனர். உள்ள ஒரு ஆள் உக்காந்து ஓட்டணும், அதனால நாற்காலில உக்காந்த மனுஷனை வரைஞ்சு அவனைச் சுத்தி கூடு போட்டார். கை பெருசா பண்ண காசில்ல, சிங்க் அடைப்பு எடுக்கற ரப்பர் ப்ளஞ்சரை மாட்டிட்டாங்க. மிளகுப்பொடி டப்பாவைப் பாத்துதான் டிசைன் பண்ணார்னு எல்லாரும் எழுதறாங்க, அது சரியில்ல. சாப்பிட உக்காந்தப்போ அது எப்படி நகரணும்னு காட்ட கைல கெடச்ச டப்பாவை மேஜை மேல நகத்திக் காட்டினார், கதை அதுல வந்து ஒட்டிக்கிச்சு. உலகம் பூரா பொம்மையா வித்த அந்த உருவத்துக்காக தனக்குக் கெடச்சது நூறு பவுண்ட் போனஸ்னு அவரே சொல்லியிருக்கார்.

சீரியலோட முதல் கதையை டைரக்ட் பண்ணவர் வாரிஸ் ஹுசைன், லக்னோல பொறந்தவர், அப்ப வயசு 24. ப்ரொட்யூசர் வெரிட்டி லாம்பர்ட், 27. முதல் தடவை ஷூட் பண்ண எபிசோடு மேலதிகாரி சிட்னி நியூமனுக்குப் புடிக்காம திரும்ப முழுசா எடுத்தாங்க. கஷ்டப்பட்டு எடுத்து ஒளிபரப்பினா, முந்தின நாள்தான் கென்னடியை சுட்டிருக்காங்க, நாடே நியூஸ்ல இருக்கு. அதனால அடுத்த சனிக்கிழமை ரெண்டாவது எபிசோடுக்கு முன்னாடி முதல் எபிசோடையே மறுபடியும் போட்டாங்க.

நீங்க சவுண்ட் ஆளுங்கறதால கடைசியா ஒண்ணு. அந்தக் காலத்துல வீடியோ டேப் விலை அதிகம், எபிசோடை அழிச்சுட்டு அதே டேப்புல வேற ப்ரோக்ராம் எடுப்பாங்க, வெளிநாட்டுக்கு அனுப்பின ஃபிலிம் காப்பியும் உரிமை முடிஞ்சதும் குப்பைக்குப் போச்சு. அறுபதுகள்ல வந்த எபிசோடு கிட்டத்தட்ட நூறு இன்னிக்குப் படமா இல்ல. 2013ல நைஜீரியால ஜோஸ்ங்கற ஊர்ல டிவி ஸ்டேஷன்ல கெடந்த ஃபிலிம்ல இருந்து ஒன்பது எபிசோடு திரும்பக் கெடச்சுது. ஆனா சத்தம் எல்லா எபிசோடுக்கும் இருக்கு, ஒண்ணு விடாம. பிபிசி காப்பாத்தல, வீட்ல பாத்துக்கிட்டு இருந்த ரசிகப் பசங்க டிவி ஸ்பீக்கர் முன்னாடி மைக்கை வச்சும், சில பேர் டிவிலேருந்தே ஒயர் இழுத்தும் டேப் ரெக்கார்டர்ல புடிச்சு வச்சிருந்தாங்க. டாக்டர் வேஷத்துல நடிகர்கள் மாறிக்கிட்டே இருப்பாங்க, அதுல ரெண்டாவது டாக்டரா வந்த பாட்ரிக் ட்ரௌட்டனோட முதல் கதை, ஆறு எபிசோடு, ஒண்ணு கூட முழுப் படமா இல்ல. 2016ல பிபிசி அதை அனிமேஷனா பண்ணப்போ நீங்க கேக்கற குரல் அத்தனையும் அந்த வீட்டு டேப்ல இருந்து எடுத்து சுத்தம் பண்ணதுதான்.

அந்த அனிமேஷனை ஹெட்ஃபோன் போட்டு கேளுங்க தம்பி, உங்க ரூம்மேட்டுக்கும் ஒரு பக்கத்தை காதுல மாட்டி விடுங்க. அப்புறம் 1963 தீமைப் போட்டு அந்த பேஸை மட்டும் புடிச்சுக்கிட்டே போங்க, ஒவ்வொரு ஸ்வரமும் ஒரு துண்டு டேப்பு.

அன்புடன்,
அண்ணன்