மெழுகு பூசிய இடம்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் கொட்டிவாக்கத்தில் ஓர் ஓவியத் தம்பதியின் வீட்டுக்குப் போயிருந்தோம். மாடிப்படியெல்லாம் உடைந்த பீங்கான் ஓடுகள், கிணற்று மேடையில் சுடுமண் தலைகள். எதையும் விற்பதில்லையாம், கண்காட்சியும் வைப்பதில்லையாம். திரும்பும் வழியில் மனைவி கேட்டாள்: "யாருக்காக இதெல்லாம்?" யாரும் பார்க்காததைக் கலை என்று சொல்லலாமா?

ஒரு வாசகர், அடையாறு

அன்புள்ள நண்பருக்கு,

யாரும் பார்க்கவில்லை என்கிறீர்கள். நீங்கள் இருவரும் பார்த்துவிட்டு வழியெல்லாம் அதையே பேசியிருக்கிறீர்களே!

நானும் ஈஞ்சம்பாக்கம் பக்கம் அப்படியொரு வீட்டுக்குப் போயிருக்கிறேன். சமையலறைச் சன்னலுக்குக் கம்பிகளே இல்லை. பழைய சைக்கிள் சங்கிலிகளை மீன்களாக வளைத்துப் பற்றவைத்திருந்தார் வீட்டுக்காரர். உப்புக்காற்றில் எல்லாம் துருப்பிடித்திருந்தன. சுரண்டிவிட்டு வண்ணம் பூசலாமே என்றேன். "சுரண்டினால் வால் போய்விடும்" என்றார் அந்த அம்மாள், தோசையைத் திருப்பியபடி.

அங்கிருந்து சோழமண்டலம் ஓவியர் கிராமம் கூப்பிடு தூரம். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே. சி. எஸ். பணிக்கர் முன்னின்று 1966-இல் தொடங்கியது. ஓவியத்தை நம்பி அடுப்பெரியாத காலம் அது. ஓவியர்கள் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில்தான் நிலம் வாங்கினார்கள். சாயம் ஏறக் கூடாத இடத்தில் உருக்கிய மெழுகைப் பூசிவிட்டுத் துணியை முக்குவதுதான் பாத்திக். தங்கள் நாளையும் அவர்கள் அப்படித்தான் பிரித்துக்கொண்டார்கள் என்று எனக்குத் தோன்றும். துணி சந்தைக்குப் போனது; படத்தின்மேல் சந்தையின் சாயம் ஏறவில்லை.

ஆகவே "தனக்காகவே படைக்கிறார்" என்று யாராவது உருகினால், நான் முதலில் அரிசி வாங்குவது யார் என்று பார்ப்பேன். (கெட்ட புத்திதான்.) நான் போன வீட்டில் அந்த அம்மாள் பள்ளி ஓவிய ஆசிரியை. அவருடைய சம்பளம்தான் அங்கே மெழுகு. அவர் களிமண்ணைத் தொடுவது இரவு ஒன்பது மணிக்குமேல்தான். உங்கள் கொட்டிவாக்கத்திலும் யாரோ ஒருவர் பகலை விற்றுக்கொண்டிருப்பார்.

உங்கள் மனைவி கேட்டதை நானும் அங்கே கேட்டேன். "முன்பெல்லாம் இந்தச் சன்னல் வழியாகக் காக்கை வந்து தோசையைத் தூக்கிக்கொண்டு போகும்" என்றார் வீட்டுக்காரர். அது கம்பிக்குப் பதில், மீனுக்கு இல்லை. அதற்குள் இரண்டாவது தோசை வந்துவிட்டது.