பிரூனிக் மலையில் மரத்தூள் மல்யுத்தம்: குடும்பத்தோடு போகிறவர்களுக்கு

கேள்வி: ஜூலை கடைசி வாரம் லூசெர்னில் தங்குகிறோம். வயதான பெற்றோரும் எட்டு வயது மகளும் கூட வருகிறார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை பிரூனிக் கணவாயில் நடக்கும் பாரம்பரிய மல்யுத்தத் திருவிழாவுக்கு இவர்களை அழைத்துப் போகலாமா? மதியத்துக்கு மேல் கிளம்பினால் போதுமா? நாங்கள் சைவம்.

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் மதியம் கிளம்பாதீர்கள். ஷ்விங்கன் எனப்படும் இந்த சுவிஸ் மல்யுத்தம் காலை எட்டு மணி வாக்கிலேயே தொடங்கிவிடும். ஒவ்வொரு வீரருக்கும் ஆறு சுற்று வரை உண்டு. பொதுவாக அதில் பாதி மதிய இடைவேளைக்குள் முடிந்துவிடும். பிற்பகலில் வந்து உட்காருகிறவருக்கு, யார் எதற்காக இவ்வளவு ஆவேசமாக மோதுகிறார்கள் என்று பிடிபடாது. முந்தைய சுற்றுகளில் வாங்கிய புள்ளிகளை வைத்துத்தான் அடுத்த சுற்றின் ஜோடிகளை நடுவர் குழு முடிவு செய்கிறது. காலையில் இருந்து பார்த்தால்தான் அந்தக் கணக்கு புரியும்.

முதலில் டிக்கெட். பிரூனிக் விழா ஜூலை மாதக் கடைசி ஞாயிறு. சுவிஸ் நாட்டின் பெயர்பெற்ற மலை விழாக்களில் ஒன்று என்பதால் இருக்கைகள் முன்கூட்டியே விற்றுவிடும். அன்று வாசலில் வாங்கிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் பெரியவர்களை மலையேற்ற வேண்டாம். நின்று பார்க்கும் இடத்துக்கான டிக்கெட் மலிவாகக் கிடைத்தாலும் உங்கள் பெற்றோருக்கு அது ஒத்துவராது. எட்டு மணி நேரத்துக்கு மேல் நீளும் நாள் இது. இருக்கை என்பதும் சாய்மானம் இல்லாத மரப்பலகைதான். ஆளுக்கொரு சிறு மெத்தை எடுத்துப் போங்கள்.

லூசெர்னிலிருந்து இன்டர்லாக்கன் போகும் ரயிலில் ஏறி பிரூனிக்-ஹஸ்லிபெர்க் நிலையத்தில் இறங்க வேண்டும். சுமார் ஒரு மணி நேரம். கிஸ்வில் தாண்டியதும் பல்சக்கரத் தண்டவாளத்தில் ரயில் செங்குத்தாக ஏறும். லுங்கெர்ன் ஏரி தெரிய வலப்பக்கம் உட்காருங்கள். காரில் போவதை விட இதுவே நிம்மதி. கணவாயின் உயரம் ஏறத்தாழ 1,000 மீட்டர் என்பதால் மூச்சுத் திணறல் பற்றிய கவலை வேண்டாம். வெயில்தான் ஏமாற்றும். காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் இருக்க முடியாது. பதினோரு மணிக்குத் தோல் எரியும். தொப்பியும் சன்ஸ்கிரீனும் கட்டாயம். மழை பெய்தாலும் போட்டி நடக்கும். குடை விரித்தால் பின்வரிசைக்கு மறைக்கும், ஆகவே தலையோடு மூடும் மழைக்கோட்டு கொண்டுபோங்கள். பிடிப்புள்ள காலணியும் தேவை, ஈரப் புல்சரிவில் செருப்பு வழுக்கும்.

இனி ஆட்டம். 7 முதல் 14 மீட்டர் வரை விட்டமுள்ள வட்டங்களில் மரத்தூளைக் கனமாகப் பரப்பியிருப்பார்கள். ஒரே நேரத்தில் பல வட்டங்களில் மோதல் நடக்கும். புதிதாக வருகிறவர்கள் எல்லாவற்றையும் பார்க்க முயன்று எதையும் பார்க்காமல் போகிறார்கள். முதல் சுற்றில் உங்களுக்கு அருகிலுள்ள ஒரே வட்டத்தைப் பாருங்கள். இருவரும் தங்கள் உடைக்கு மேல் தடித்த துணியில் தைத்த அரைக்கால் சட்டை அணிந்திருப்பார்கள். குனிந்து, ஒருவர் அரைக்கால் சட்டையை மற்றவர் பற்றிக்கொண்டுதான் ஆட்டம் தொடங்கும். எதிராளியின் முதுகு மரத்தூளில் படவேண்டும்; அந்த நொடியில் வீழ்த்தியவரின் ஒரு கையாவது எதிராளியின் அரைக்கால் சட்டையைப் பிடித்திருக்கவேண்டும். பிடி நழுவியிருந்தால் செல்லாது. அற்புதமாகத் தூக்கிப் போட்டும் நடுவர் ‘தொடருங்கள்’ என்று கைகாட்டுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

புள்ளிகள் இப்படி: சுத்தமான வீழ்த்தலுக்கு 10.00, மற்ற வெற்றிக்கு 9.75. சமனானால் 9.00 அல்லது 8.75. தோற்றவருக்கும் 8.75 அல்லது 8.50 உண்டு. கால் புள்ளிதானே என்று நினைக்காதீர்கள், நாள் முடிவில் அதுவே தலையெழுத்தை மாற்றும். கடைசியில் முன்னணியிலுள்ள இருவர் மோதும் இறுதிப்போட்டி சமனில் முடிந்தால், அதில் ஆடாத மூன்றாமவர் மொத்தப் புள்ளியில் முந்தி விழாவையே வென்றுவிடக்கூடும். உலகில் வேறெந்த மல்யுத்தத்திலும் இப்படியொரு பதற்றம் கிடைப்பது அரிது.

எடைப் பிரிவு கிடையாது. 90 கிலோ ஆள் 130 கிலோ ஆளோடு மோதுவார். நீலச் சட்டையும் கருங்கால்சட்டையும் போட்டவர் மேய்ச்சல் மரபு மன்றங்களைச் சேர்ந்தவர், முழு வெள்ளை அணிந்தவர் உடற்பயிற்சி மன்றத்தைச் சேர்ந்தவர். உங்கள் மகள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்வாள். வென்றவர் தோற்றவரின் தோளில் ஒட்டிய மரத்தூளைத் தட்டிவிடுவதையும் அவளுக்குக் காட்டுங்கள். எதிரணி ரசிகர்களும் பக்கத்துப் பக்கத்தில் உட்காருவார்கள். கூச்சலிட்டு இகழ்வது இங்கே வழக்கமில்லை. வெற்றியாளருக்குக் காளைதான் பெரும்பாலும் முதல் பரிசு.

சாப்பாட்டில் கொஞ்சம் கவனம். எங்கும் வறுத்த தொத்திறைச்சி மணம்தான். ஆல்ப்ளர்மக்ரோனன் என்ற மக்ரோனி, உருளைக்கிழங்கு, சீஸ், வெங்காயக் கலவை வயிறு நிறைக்கும். ஆனால் பன்றி இறைச்சித் துண்டுகள் சேர்ப்பதுண்டு. ‘ஓனே ஷ்பெக்’ (பன்றி இறைச்சி இல்லாமல்) என்று கேட்டு, சமைத்து வைத்ததில் ஏற்கெனவே கலந்திருக்கிறதா என்றும் உறுதி செய்யுங்கள். ஆல்ப்ஸ் மலைச் சீஸ் பெரும்பாலும் கன்றுக்குட்டியின் இரைப்பை நொதியால் உறையவைத்தது. கண்டிப்பான சைவம் என்றால் எலுமிச்சைச் சோறோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டு போவதே மேல். ‘காஃபி லூட்ஸ்’ என்பது வெறும் காபி அல்ல, அதில் சாராயம் உண்டு. பெற்றோருக்கு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். கையில் சுவிஸ் ஃபிராங்க் நோட்டுகள் இருக்கட்டும். உள்ளூர்க்காரர்கள் பயன்படுத்தும் ட்விண்ட் செயலி சுவிஸ் வங்கிக் கணக்கோடு இணைந்தது, சுற்றுலாப் பயணிக்கு உதவாது.

டிக்கெட் கிடைக்கவில்லையா? சுவிஸ் மல்யுத்தச் சங்கத்தின் கோடைக்கால அட்டவணையைப் பாருங்கள். சிறு ஊர் விழாக்களில் இடம் எளிதாகக் கிடைக்கும், வட்டத்துக்கு மிக அருகிலேயே உட்காரலாம். மூன்றாண்டுக்கு ஒருமுறை வரும் தேசிய விழாவை (அடுத்தது 2028, தூன் நகரில்) முதல் அனுபவமாகத் தேர்ந்தெடுக்க நான் சொல்லமாட்டேன். 2025-இல் மோல்லிஸில் கட்டிய அரங்கில் மட்டும் 56,500 இருக்கைகள். அவ்வளவு கூட்டத்தில் பெரியவர்களைக் கழிப்பறைக்கு அழைத்துப் போவதே பெரும்பாடு. பிரூனிக்கிலும் இறுதிப்போட்டி முடிந்த கையோடு எல்லோரும் ரயிலுக்கு விரைவார்கள். நீங்கள் சிறந்த வீரர்களுக்கு ஓக் இலை மாலை சூட்டும் வரை இருந்து, அடுத்த ரயிலைப் பிடியுங்கள். பெற்றோருக்கு உட்கார இடம் கிடைக்கும்.