எரிந்த வீட்டைப் பற்றி ஒரு பியூரிட்டன் கவிதை

அன்புள்ள ஆசிரியருக்கு,

கல்லூரியில் அமெரிக்க இலக்கியம் படிக்கிறேன். பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து வந்து அமெரிக்காவில் குடியேறிய கண்டிப்பான கிறிஸ்தவப் பிரிவினரான பியூரிட்டன்கள் நாடகத்தை வெறுத்தவர்கள், கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்துக்கே அபராதம் போட்டவர்கள், மாசசூசெட்ஸில் உள்ள சேலம் என்ற ஊரில் சூனியக்காரிகள் என்று சொல்லித் தூக்கிலிட்டவர்கள். யாருக்கு இரட்சிப்பு என்பதைக் கடவுள் முன்பே தீர்மானித்துவிட்டார் என்று நம்பியவர்கள் எதற்காக இவ்வளவு எழுதிக் குவித்தார்கள்? அதில் இலக்கியம் என்று ஏதாவது தேறுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நீங்கள் சொல்லும் கொடுமைகள் உண்மை. 1692இல் சேலம் வழக்குகளில் 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அதற்கு முன்பே, 1660இல், நாடுகடத்தியும் திரும்பி வந்த, க்வேக்கர் என்ற வேறொரு கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த பெண் மேரி டையரை பாஸ்டனில் தூக்கிலிட்டிருந்தார்கள். எதையும் பூசி மெழுக வேண்டியதில்லை.

ஆனால் கடவுளின் அந்த முன்தீர்மானத்தை நம்பியதால்தான் அவர்கள் எழுதினார்கள். தீர்மானம் ஆகிவிட்டது, அதில் நம் பெயர் இருக்கிறதா என்பது மட்டும் தெரியாது. எந்தப் போதகரும் அதைச் சொல்லிவிட முடியாது. கிருபையின் அடையாளத்தை அவரவர் மனதுக்குள்தான் தேடியாக வேண்டும். மாசசூசெட்ஸில் சபையின் முழு உறுப்பினராக, அந்த அனுபவத்தைச் சபையார் முன் சாட்சியாகச் சொல்ல வேண்டியிருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் பயிர் பொய்த்தாலும் அதில் தேவன் என்ன சொல்கிறார் என்று யோசித்தார்கள். யோசித்ததை நாட்குறிப்பில் எழுதினார்கள்.

கவிஞர் ஆன் பிராட்ஸ்ட்ரீட்டைப் படியுங்கள். 1630இல் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்து, எட்டுப் பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். 1666 ஜூலை 10 இரவு அவருடைய வீடு எரிந்துபோனது. அதைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். 'கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்' என்று பைபிளில் யோபு சொல்லும் வார்த்தை அதில் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. கோட்பாட்டின்படி கவிதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கண் சாம்பலுக்குத் திரும்புகிறது. இங்கேதான் டிரங்குப் பெட்டி இருந்தது, அங்கே அந்தப் பேழை. இனி இந்தக் கூரையின் கீழ் விருந்தாளி உட்காரப்போவதில்லை, மெழுகுவர்த்தி எரியப்போவதில்லை, மணமகன் குரல் கேட்கப்போவதில்லை. பிறகு திடுக்கிட்டுத் தன் மனதையே கண்டிக்கிறார்: மண்ணிலா உன் நம்பிக்கையை வைத்தாய்? பரலோகத்தில் உனக்கு வேறு வீடு இருக்கிறதே!

கடைசியில், இந்த உலகை இனி நான் நேசிக்காதிருக்கட்டும் என்று வேண்டுகிறார். நேசம் விட்டுப்போயிருந்தால் இப்படிக் கேட்க வேண்டியிருக்காது. நம்பிக்கையும் பாசமும் ஒரே மனதில் மல்லுக்கட்டுகின்றன, அவர் இரண்டையும் மறைக்கவில்லை. இதை இலக்கியம் என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

சேலம் நீதிபதிகளில் ஒருவரான சாமுவேல் சியூவல் பல்லாண்டுகள் நாட்குறிப்பு எழுதியவர். 1697இல் பாஸ்டன் தேவாலயத்தில் தன் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் கடிதத்தைப் போதகர் வாசிக்க, சபை நடுவே எழுந்து நின்றார். 1700இல் அடிமை வியாபாரத்தை எதிர்த்து ஒரு பிரசுரமும் வெளியிட்டார். தூக்கிலிடப்பட்டவர்கள் திரும்பி வரவில்லைதான். ஆனால் அவரை அப்படி எழுந்து நிற்க வைத்தது, தன்னைத்தானே விசாரித்துக்கொள்ளும் அதே பழக்கம்தான் என்று நினைக்கிறேன்.

பிரசங்கங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் பிராட்ஸ்ட்ரீட்டின் இந்தக் கவிதையையும், கணவருக்கு அவர் எழுதிய காதல் கவிதைகளையும் படித்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்