28 நாள் வட்டிக் காசு

கேள்வி: வெள்ளவத்தையில் இருக்கிறோம். கணவர் புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறார். மகனுக்கு 23 வயது. போன வருடம் கனடாவுக்கு விண்ணப்பித்தபோது வங்கியில் காட்ட வட்டிக்குக் காசு எடுத்தோம். விசா கிடைக்கவில்லை. இப்போது இங்கிலாந்தில் 2026 செப்டம்பரில் தொடங்கும் ஒரு வருட மாஸ்டர்ஸுக்கு இடம் கிடைத்திருக்கிறது. கட்டணம் 16,000 பவுண்ட். ஏஜென்சிக்காரர் வங்கிக் கணக்கில் காட்ட 42 இலட்சம் ‘ஷோ மணி’ ஒழுங்கு செய்து தருகிறாராம், மாதம் 4 வட்டி. கட்டணத்துக்கு ஃப்ளாட்டின் உறுதிப் பத்திரத்தை ஈடு வைக்கச் சொல்கிறார் லண்டன் மச்சாள். ‘பிள்ளை வந்தால் நான் பார்த்துக்கொள்வேன்’ என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: உறுதி அலுமாரியிலேயே இருக்கட்டும். முதலில் இந்த வட்டிக் காசைப் பேசுவோம். ஒருமுறை பட்டும் விடவில்லையே!

இங்கிலாந்து மாணவர் விசாவுக்கு, லண்டனுக்கு வெளியே படிப்பவர் மாதம் 1,171 பவுண்ட் வீதம் ஒன்பது மாதச் செலவைக் கணக்கில் 28 நாள் தொடர்ந்து வைத்துக் காட்ட வேண்டும். பவுண்டை 400 ரூபாய் என்று வைத்தால் அதுதான் உங்கள் 42 இலட்சம். ஒரு மாத வட்டி மட்டும் 1,68,000. அதையாவது போகட்டும் என்று விடலாம். 29ஆம் நாள் அந்தக் காசு வட்டிக்குக் கொடுத்தவரிடம் திரும்பிப் போய்விடும், பிள்ளை அங்கே எதைச் சாப்பிடுவான்? படிப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். மணிக்கு 12.71 பவுண்ட் குறைந்தபட்சக் கூலி என்றால் மாதம் 1,100 வரும். அதுவும் வேலை உடனே கிடைத்தால். விசாக்காரர்களே போதாது என்று சொல்லும் தொகை அது.

பல்கலைக்கழகங்களும் இப்போது பயந்துபோய் இருக்கின்றன. தாங்கள் சேர்த்தவர்களின் விசா மறுப்பு ஓர் எல்லையை எட்டினால் வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும் உரிமத்துக்கே ஆபத்து. அந்த எல்லையை நூற்றுக்குப் பத்திலிருந்து ஐந்துக்கு இறக்கும் முடிவும் வந்துவிட்டது. அதனால் திடீரென்று கணக்கில் விழுந்த 42 இலட்சம் எங்கிருந்து வந்தது என்று அவர்களே கேட்கக்கூடும். கணக்கு எழுதுபவர் சம்பளத்தில் என்ன பதில் சொல்வீர்கள்?

இனி உறுதி. கட்டணத்துக்கு 64 இலட்சம் கடன், வருடம் 14 வீதம் என்றால் மாத வட்டி ஏறக்குறைய 75,000. வாங்கிய முதல் தொகை குறையவே குறையாது. ‘படித்து முடித்து இரண்டு வருடம் வேலை செய்து அடைப்பான்’ என்று ஏஜென்சி சொல்லியிருக்கும். 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்குப் படிப்புக்குப் பிந்தைய அந்த வேலை அனுமதி 18 மாதம்தான். உங்கள் மகன் முடிப்பது 2027 இலையுதிர் காலத்தில். பிறகும் அங்கே தங்க வேண்டுமென்றால் பொதுவாக வருடம் 41,700 பவுண்ட் தரும் வேலை வேண்டும். புதிதாகச் சேருபவர்களுக்குச் சலுகையாக 33,400. எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. கனடாவிலும் 2024இல் இப்படித்தான் விதியை மாற்றி மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு வைத்தார்கள், ஒன்டாரியோக் கல்லூரிகள் பல பாடநெறிகளை நிறுத்தின. கடன் தவணை மட்டும் எந்த அரசாங்கம் மாற்றினாலும் மாறாது.

மச்சாள் விஷயம். அவர் கணக்கில் இருக்கும் காசு விசாவுக்கு உதவாது. மகனுடையதாகவோ பெற்றோருடையதாகவோ இருக்க வேண்டும். உண்மையாகவே உதவ நினைத்தால் முதல் தவணைக் கட்டணத்தைப் பல்கலைக்கழகத்துக்கே நேரடியாகக் கட்டச் சொல்லுங்கள். மழுப்பினால் அந்த வாக்குறுதியை உங்கள் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஏஜென்சிக்குக் காசு கொடுக்காமல் இடத்தை அடுத்த வருடத்துக்கு ஒத்திவைக்க முடியுமா என்று மகனே பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல் எழுதட்டும். விசா மறுக்கப்பட்டால் முற்பணம் எவ்வளவு திரும்பும் என்பதையும் அதிலேயே எழுத்தில் கேட்கட்டும். அதுவரை அவன் கொழும்பில் ஒரு வேலையில் சேரட்டும். அந்தச் சம்பளத்தை நிலையான வைப்பில் போடுங்கள்.