வாயால் கொடுக்கும் வித்தித் தடுப்புமருந்துக்காக ஊசியைத் தள்ளிப்போடலாமா?

மண்டூரிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: “மகனுக்கு ஒன்றரை வயதாகிறது, இந்த மாதம் முக்கூட்டு ஊசி. பற்றீரியா வித்திகளில் வைத்து வாயால் கொடுக்கும் தடுப்புமருந்து வரப்போகிறது என்கிறார்கள். அதுவரை பொறுக்கலாமா? வயிற்றோட்டத்துக்குப் பார்மசியில் தரும் வித்திக் குப்பியும் அதுதானா?”

பொறுக்க வேண்டாம், இந்த மாதக் கிளினிக்கிலேயே ஊசியையும் போலியோச் சொட்டு மருந்தையும் கொடுத்துவிடுங்கள். பார்மசிக் குப்பியிலுள்ள வித்திகள் (பற்றீரியாக்களின் உறங்குநிலை வடிவங்கள்) எந்த நோய்க்கிருமியின் கூறையும் சுமப்பவை அல்ல என்பதால், அவற்றைக் குடிப்பதால், முக்கூட்டு ஊசி தடுக்கும் ஏற்புவலிக்கோ (டெட்டனஸ்) தொண்டைக்கரப்பானுக்கோ (டிப்தீரியா) எதிர்ப்பு உண்டாகாது.

நீங்கள் கேள்விப்பட்ட வாய்வழி மருந்து பற்றிய ஆய்வு உண்மையானதுதான். பசிலஸ் சப்டிலிஸ் என்னும் மண் பற்றீரியா, உணவு குன்றியதும் தன் மரபுப்பொருளை நீர் வற்றிய உள்ளறையில் ஒடுக்கி, அடுக்கடுக்கான புரத உறையால் மூடிக்கொண்டு வித்தியாகிவிடும். கொதிநீரையும் அது தாங்கும். (அதன் உறவான பசிலஸ் சீரியஸின் வித்திகள் உலையிலும் பிழைப்பதால்தான், வடித்து நெடுநேரம் வெளியில் வைத்த சோறு சிலவேளை வாந்தியை உண்டாக்குகிறது.) ஏற்புவலி நச்சின் தீங்கற்ற துண்டொன்றை இந்த உறைப் புரதத்துடன் மரபணு முறையில் இணைத்து, அவ்வித்திகளை வாய்வழியாக ஊட்டியபோது எலிகள் அந்த நச்சிலிருந்து தப்பின என்பதை 2003இல் வெளியான ஆய்வு காட்டியது.

நமது ஊசிமருந்தை 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் வைத்திருக்க வேண்டும். சூடேறினாலும் கெடும், உறைந்தாலும் அதிலுள்ள அலுமினிய உப்பு திரண்டு வலுவிழக்கும். குருமண்வெளியில் வாவியைக் கடக்கும் பாதைக்காக (மிதவைக்காக) சித்திரை வெயிலில் நின்றவர்களுக்கு, குளிர்ப்பெட்டி தேவைப்படாத மருந்தின் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால், வித்தி வெப்பத்தைத் தாங்குகிறது என்பதற்காக அதன் புறத்தே ஒட்டியிருக்கும் நச்சுத் துண்டும் அப்படியே தாங்கிவிடும் என்று எண்ணக்கூடாது. இரைப்பை அமிலம் முதலில் தொடுவது அந்தத் துண்டைத்தான். சின்னஞ்சிறு எலிக்கே கோடிக்கணக்கான வித்திகளைத் திரும்பத் திரும்ப ஊட்ட வேண்டியிருந்தது. மேலும், மரபணு மாற்றிய வித்திகள் மலத்தோடு வெளியேறி மண்ணில் நெடுங்காலம் உயிர்த்திருக்கக்கூடும் என்பதால், அவை மனிதருக்கு எளிதில் அனுமதிக்கப்படமாட்டா.

கிளினிக் நாளில் மகனுக்கு இலேசான தடிமன் (சளி) இருந்தாலும் கூட்டிச் செல்லுங்கள். அது ஊசிக்குத் தடையன்று. ஏற்கெனவே நாள் தவறியிருந்தால் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. வளர்ச்சிப் பதிவேட்டைக் குடும்பநல மாதுவிடம் காட்டினால், விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.