தறிச் சத்தத்தில் தூங்கும் நாய்

சத்தத்துக்கு ஆடுமாடுகள் பழகுவது பற்றி நீங்கள் கேட்டவற்றில் நாலுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

சோமனூர் அண்ணன்: தறி ஓடும்போது வாசலிலேயே எங்க நாய் தூங்குதுங்க. காது மந்தமாயிடுச்சா?

கரண்ட் போய்த் தறி நிற்கும்போது பாருங்க அண்ணா. உடனே தலையைத் தூக்கினால் காது கேட்கிறது என்று அர்த்தம். காது சேதி அனுப்பிக்கொண்டேதான் இருக்கிறது, இதனால் ஒன்றும் ஆகாது என்று மூளைதான் விட்டுவிடுகிறது. 1956ல் ஷார்ப்லெஸ், ஜாஸ்பர் என்ற இருவர், தூங்கும் பூனைகளுக்கு ஒரே சுருதியைத் திரும்பத் திரும்பக் கேட்க வைத்து மூளையின் மின்னலைகளைப் பதிந்தார்கள். முதலில் விழித்த பூனைகள் போகப் போகத் தூங்கிக்கொண்டே இருந்தன, ஆனால் சுருதியை மாற்றியதும் விழித்துக்கொண்டன! காது களைத்துப் போயிருந்தால் புதுச் சுருதிக்கு மட்டும் எப்படி விழிக்கும்?

பல்லடம் அக்கா: மூளையில் எந்த இடத்துல இது நடக்குதுங்க?

ஒரே இடம் இல்லீங்க அக்கா. திடுக்கிடுவது, மூளையைத் தண்டுவடத்தோடு இணைக்கும் மூளைத்தண்டின் வேலை, ரொம்பக் குறுக்கு வழி. மேல்மூளைத் தொடர்பை அறுத்த எலிகள்கூடச் சத்தம் தொடர்ந்தால் திடுக்கிடுவதைக் குறைத்துக்கொள்கின்றன. நரம்புக்குள் என்ன ஆகிறது என்பதைக் கடல் நத்தையைத் தொட்டுத் தொட்டுக் கண்டுபிடித்தவர் எரிக் காண்டல் என்ற விஞ்ஞானி. அங்கே சத்தம் இல்லை, தொடுகைதான். தொடத் தொட, உணர்வு நரம்பு அடுத்த நரம்புக்குக் கொடுக்கும் வேதிப்பொருள் குறைந்துகொண்டே வந்தது. நினைவு பற்றிய ஆய்வுகளுக்காக 2000ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

காங்கேயம் தம்பி: மயில் விரட்ட ஸ்பீக்கர் வெச்சேனுங்க. நாலே நாள், பக்கத்துலயே மேயுது.

ஒரே சத்தம், ஒரே இடம், ஒரே நேரம் என்றால் அப்படித்தான் தம்பி. சில நாள் நிறுத்திவிட்டுப் போட்டால் மறுபடி மிரளும், ஆனால் இந்தத் தடவை இன்னும் சீக்கிரமாகப் பழகிவிடும். அதனால் சத்தம், இடம், நேரம் மூன்றையும் மாற்றிக்கொண்டே இருங்க.

அவிநாசி அம்மா ஒருவர்: மேளத்துக்குப் பழகின மாடு தீபாவளி வெடிக்கு ஏன் பழகலைங்க?

எங்கள் செவலைப் பசுவும் அப்படித்தான்ம்மா. கோயில் மேளத்துக்கு அசைபோட்டுக்கொண்டே நிற்கும், வெடி கேட்டால் முளைக்குச்சியே பிடுங்கும் அளவுக்குக் கயிறு முறுக்கும். அத்தனை பெரிய சத்தம், எப்போது வரும் என்றும் தெரியாது. அதனால் பயத்தைக் கையாளும் அமிக்டலா என்ற மூளைப்பகுதி விழித்துக்கொள்கிறது, அப்புறம் சின்னச் சத்தத்துக்கும் மிரட்சிதான். ஒரு மாசம் முன்பே, தீவனம் வைக்கிற நேரத்தில், போனில் வெடிச் சத்தத்தை மிக மெல்ல வையுங்க. காதை விறைக்காமல் தின்றால் மட்டும் கொஞ்சம் கூட்டுங்க, தீனியை விட்டுத் தலை தூக்கினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்க.