'ஃபைன்' எல்லா இடத்திலும் அழகு அல்ல

வணக்கம். கடன் ஒப்பந்தத்தில் வந்த 'ஃபைன் பிரிண்ட்' என்பதை 'அழகிய அச்சு' என்று மொழிபெயர்த்ததால் வேலை திரும்பி வந்துவிட்டது என்று வருந்தியிருந்தீர்கள். அது பொடி எழுத்தில் அச்சிட்ட நிபந்தனைகளைக் குறிக்கும். 'ஃபைன்' என்ற இந்த ஆங்கிலச் சொல்லுக்கு அடுத்து வரும் பெயர்ச்சொல்லைப் பார்க்காமல் கைவைக்கவே கூடாது.

முடிவு எனப் பொருள்படும் லத்தீன் 'ஃபினிஸ்' இதன் வேர். முடிவுவரை செம்மை செய்தது என்பதிலிருந்து தரம், தூய்மை, நுண்மை எனப் பொருள்கள் கிளைத்தன. மாவென்றால் நைசானது, பொன்னென்றால் மாசற்றது, வானிலையென்றால் தெளிவானது. 'ஃபைன் ஆர்ட்ஸ்' என்பதற்கு நுண்கலை, கவின்கலை என இரண்டுமே நம்மிடம் வழங்குவது எனக்கு மிகவும் பிடிக்கும். நுண்மை, அழகு இரண்டையும் தமிழ் பிடித்துக்கொண்டது.

உரையாடல்களை மொழிபெயர்க்கும்போது இன்னொன்று: "தேநீர் வேண்டுமா?" என்பதற்கு "ஐ ஆம் ஃபைன்" என்று பதில் வந்தால், "வேண்டாம்" என்று எழுதுங்கள்.